அம்மாக்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற ஆட்டமல்ல. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன்மேல் எதிரணி ஆட்கள் பாய்ந்து அவனைத் தரையில் சாய்க்கிற ஆட்டம். அதன் முதலாளிகள் கூடி நடத்தும் லீக்கின் பெயர் என்எஃப்எல். மொத்தம் 32 அணிகள். ஒவ்வொன்றின் விலையும் பல ஆயிரம் கோடி ரூபாய். இத்தனை பெரிய ஜாம்பவான், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் திடீரென்று அம்மாக்களைக் கூட்டிவைத்துப் பாடம் நடத்தக் கிளம்பியது. ஹெல்மெட் தலையில் எப்படிப் பொருந்த வேண்டும், தலையை நிமிர்த்தியபடி எப்படி மோத வேண்டும் என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் உண்டு. சில இடங்களில் அம்மாக்களை மைதானத்திலேயே இறக்கிப் பழக்கினார்கள். 2013-இல் ஒஹாயோவில் நடந்த வகுப்புக்கு லீக்கின் கமிஷனர் ரோஜர் குடெல் தாமே எழுந்தருளினார்.

தாய்க்குலத்தின்மேல் இந்தப் பாசம் பொங்கியதற்குக் காரணம் இருக்கிறது. பாப் வார்னர் என்பது அங்கே சிறுவர்களுக்கான பழைய பெரிய அமைப்பு. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஹெல்மெட் மாட்டிச் சேர்த்துக்கொண்ட இடம். 2010-க்கும் 2012-க்கும் இடையே அதில் சேரும் பிள்ளைகள் 9.5 சதவீதம் குறைந்துபோனார்கள். நாற்று குறைந்தால் அறுவடை எங்கே? அரிசோனா அணியின் அன்றைய கோச் புரூஸ் ஏரியன்ஸ் இதை ஒளிவுமறைவில்லாமல் போட்டு உடைத்தார். நம் ஆட்டத்தைக் கண்டு பயப்படுவது அப்பாக்கள் அல்ல, அம்மாக்கள்தான், அவர்களிடம் சேதி போய்ச் சேர வேண்டும் என்று பள்ளி கோச்சுகள் கூட்டத்தில் பேசினார். என் பிள்ளையை ஆட விடமாட்டேன் என்கிறவர்கள் முட்டாள்கள் என்பது அவரே இன்னொரு சமயம் உதிர்த்த முத்து.

முட்டாள் அம்மாக்கள் அப்படி எதைக் கண்டு பயந்தார்கள்? 2002-இல் மைக் வெப்ஸ்டர் என்ற வீரர் 50 வயதில் இறந்தார். பிட்ஸ்பர்க் அணிக்காக நான்கு சூப்பர் பவுல் கோப்பைகள் வென்றவர். கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறி, சில இரவுகளைத் தன் வண்டிக்குள்ளேயே கழித்தவர். நைஜீரியாவிலிருந்து வந்த பென்னட் ஒமாலு என்ற மருத்துவர் அவர் மூளையைச் சோதித்து, சி.டி.இ. என்னும் சிதைவு நோயைக் கண்டார். திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வருகிற நோய் அது. 2005-இல் கட்டுரை வெளியானது. லீக் என்ன செய்தது? கட்டுரையை வாபஸ் வாங்கு என்று அதன் மருத்துவக் குழுவினரே கடிதம் எழுதினார்கள்.

அந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இப்படியொரு குழுவைக் கற்பனையில் உண்டாக்க எந்த அங்கத எழுத்தாளனுக்கும் துணிச்சல் வராது. மூளைக் காயத்தை ஆராய லீக் 1994-இல் அமைத்த குழு. தலைவராக உட்கார்ந்தவர் எலியட் பெல்மன். அவர் மூளை நரம்பு நிபுணர் அல்ல, மூட்டுவாத மருத்துவர். மூளைக்கும் முழங்காலுக்கும் அப்படி என்ன தூரம், இரண்டும் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன என்று நினைத்திருப்பார்கள். போதாக்குறைக்கு அவர் லீக்கைச் சேர்ந்த ஓர் அணியின் டாக்டர். வேலிக்கு ஓணான் சாட்சி. அடிபட்ட வீரர்கள் அன்றைக்கே களத்துக்குத் திரும்பினாலும் பாதகமில்லை என்று குழு கட்டுரை மேல் கட்டுரையாக எழுதியது. 2005-இல் வந்த ஒன்றில், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தக்கூடும் என்று ஒரு வரியைச் செருகிவைத்தார்கள். சோதித்தது மாடு மாதிரி உடம்புள்ள தொழில்முறை வீரர்களை. தீர்ப்பு பதினைந்து வயதுப் பையனுக்கு! பிறகு 2016-இல் நியூயார்க் டைம்ஸ் தோண்டிப் பார்த்தபோது, அந்த ஆய்வுகளின் கணக்கில் 100-க்கும் மேற்பட்ட மூளை அதிர்ச்சிகள் சேரவே இல்லை என்று தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களாவது ஒரு பூசணிக்காயைத்தான் மறைப்பார்கள்.

அதே ஆண்டில் லீக்கின் உயர் அதிகாரி ஒருவர் நாடாளுமன்றக் குழுவின் முன், ஆட்டத்துக்கும் சி.டி.இ.-க்கும் தொடர்பு உண்டு என்று வாய்திறந்து ஒப்புக்கொண்டார். ஒமாலுவின் கட்டுரை வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று ஐந்து வயதில் ஹெல்மெட் மாட்டிய பிள்ளைக்கு இப்போது பதினாறு வயது.

சரி, தலையை நிமிர்த்தி மோதும் அந்தப் புது வித்தை? லீக்கின் பணத்தில் நடந்த திட்டம். காயங்கள் 76 சதவீதமும் மூளை அதிர்ச்சி 30 சதவீதமும் குறைந்தன என்று ஆய்வு முடியும் முன்பே தம்பட்டம் அடித்தார்கள். முடிந்து அச்சில் வந்த ஆய்வு அந்தப் பெருமையைத் தாங்கவில்லை. அந்த வித்தையை மட்டும் கற்ற அணிகளில் மூளை அதிர்ச்சி குறைந்ததாக அதில் காணவில்லை. குறைந்த இடங்களில் பயிற்சியின்போது மோதும் நேரத்தையே வெட்டியிருந்தார்கள். அதாவது, குறைவாக மோதினால் குறைவாக அடிபடும். இதைக் கண்டுபிடிக்கக் கோடிக்கணக்கில் டாலர். ஏதாவது ஓர் அம்மாவைக் கேட்டிருந்தால் காபி ஆறுவதற்குள் சொல்லியிருப்பார்.

இவ்வளவையும் செய்துவிட்டு, ஆபத்தையும் நன்மையையும் சீர்தூக்கிப் பார்த்துப் பெற்றோரே முடிவெடுக்கட்டும் என்கிறார்கள். எவ்வளவு மரியாதையான பேச்சு! தராசை அம்மா கையில் கொடுத்தாயிற்று. எடைக்கல்லை மட்டும் இருபது ஆண்டுகளாகக் கல்லாவுக்கடியில் ஒளித்துவைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அவளால் எதை எடைபோட முடியும்? ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது. பிள்ளை மயங்கி விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். மயங்காத சின்னச் சின்ன மோதல்கள் ஒரு சீசனில் நூற்றுக்கணக்கில் சேர்வது தெரியாது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் இறந்த ஆட்டக்காரர்கள் 266 பேரின் மூளையைப் பார்த்து 2019-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: ஆடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் சி.டி.இ. வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் ஏறுகிறது. 2023-இல் அவர்களே, 30 வயதுக்குள் இறந்த 152 விளையாட்டு வீரர்களின் மூளையைச் சோதித்ததில் 63 பேருக்கு நோய் இருந்தது. அந்த 63 பேரில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு ஆடியவர்களே அல்ல. இவையெல்லாம் சந்தேகப்பட்ட குடும்பங்கள் தானமாகக் கொடுத்த மூளைகள். ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் இதே கதி என்று சொன்னால் அது பொய். ஆனால் சரியான விகிதம் கையில் இல்லை என்பதை ஆபத்தே இல்லை என்று திரித்து விற்பவனின் பொய் இதைவிடப் பெரியது. இதில் இன்னொரு கொடுமை, இந்த நோயை உறுதியாகச் சொல்ல மூளையை வெட்டிப் பார்க்க வேண்டும். பிள்ளை உயிரோடு இருக்கும்வரை அம்மாவுக்குச் சீட்டு எழுதித்தர எந்த டாக்டராலும் ஆகாது.

இப்போது மறு தட்டு. கல்லூரி உதவித்தொகை, பிறகு என்எஃப்எல், பங்களா. உயர்நிலைப் பள்ளியில் ஆடுவோர் சுமார் 10 லட்சம் பேர். 32 அணிகளின் பட்டியலில் இடம், அணிக்கு 53 வீதம் 1,696. வசதியுள்ள வீட்டு அம்மாவுக்கு இந்தக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை, பையனை டென்னிசுக்கு மாற்றிவிட்டுப் போவாள். கல்லூரிக் கட்டணத்துக்கு வேறு வழி தெரியாதவளுக்குத்தான் 1,696 பெரிய எண்ணாகத் தெரிகிறது. லீக்கின் வீரர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். ஆடி முடித்து நினைவு மங்கி நஷ்டஈடு கேட்டு வந்தபோது அவர்களை எப்படி அளந்தார்கள் தெரியுமா? கறுப்பர்களின் அறிவுத்திறன் ஆரம்பத்திலேயே கொஞ்சம் தாழ்ந்தது என்று வைத்துக்கொண்டு அளந்தார்கள். தொடக்கமே தாழ்வு என்றால் இழந்தது குறைவு, இழந்தது குறைவு என்றால் பணமும் கிடையாது. 2021-இல் ஊர் சிரித்த பிறகுதான் இதைக் கைவிடுவதாக லீக் சொன்னது. மகனின் தலையை ஐந்து வயதில் வாங்கும்போது யாரும் இனம் பார்த்து அளக்கவில்லை.

இந்தத் தொழிலில் ஆபத்தை உண்மையிலேயே எடைபோட்டுப் பார்த்தவர்கள் உண்டு. வீரர்களின் சங்கம். 2011-இல் முதலாளிகளோடு பேரம் பேசி, முழுக் கவசம் அணிந்து மோதும் பயிற்சி ஒரு சீசனுக்கு 14-ஐத் தாண்டக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். கோடிகளில் சம்பளம் வாங்கும் நூறு கிலோ ஆட்களுக்கு 14. ஏழு வயதுப் பிள்ளைக்கு? பல ஊர்களில் அதை, சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்து விசில் ஊதும் யாரோ ஒரு பையனின் அப்பா தீர்மானிக்கிறார். பிள்ளைகளுக்குச் சங்கம் இல்லை.

சங்கம் இல்லாதவர்களுக்காகப் பேசத்தான் சட்டசபை. வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் அடிபட்ட பிறகும் அதே ஆட்டத்தில் இறக்கிவிடப்பட்டு, மூளையில் ரத்தம் கசிந்து முடங்கிப்போனான். 2009-இல் அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. அடிபட்டவனை வெளியே உட்காரவை, மருத்துவர் சொல்லாமல் திரும்ப இறக்காதே என்றது. நல்ல சட்டம், ஆனால் அது அடிபட்ட பிறகு விழிக்கிற சட்டம். கூடவே பெற்றோரும் பிள்ளையும் ஆபத்தைப் படித்தறிந்ததாகக் கையெழுத்திட ஒரு தாள். அதில் லீக் கையெழுத்திட இடமில்லை. அங்கே உதைபந்தாட்டத்தை நடத்துகிறவர்கள், தம்மேல் வழக்கு ஒன்று வந்ததும் 2015-இல், பத்து வயதுக்குட்பட்டவர்கள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று முடித்துவிட்டார்கள். ஒரு பந்துக்கே அவ்வளவு. இங்கே முட்டுவது இன்னொரு பிள்ளையின் ஹெல்மெட்.

12 வயதுக்குக் கீழ் மோதல் ஆட்டமே வேண்டாம் என்று கலிஃபோர்னியாவில் ஒரு மசோதா வந்தது. தடை என்றால் கொடி ஆட்டம்கூடக் கூடாது என்பதல்ல. இடுப்பில் செருகிய துணிப்பட்டையைப் பறித்தால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும், மோதல் இல்லாத அதே ஆட்டம் அது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் சேர்த்திருக்கிறார்கள். மசோதா தன் மேசைக்கு வருவதற்கு முன்பே, 2024 ஜனவரியில், கையெழுத்துப் போட மாட்டேன் என்று அறிவித்தார் ஆளுநர் கேவின் நியூசம். எந்த ஆட்டம் பொருத்தம் என்று தீர்மானிக்கும் சுதந்திரம் பெற்றோருக்கு வேண்டுமாம்.

சுதந்திரம் தாராளமாக இருக்கட்டும். கார் சீட்டில் பிள்ளையைப் பெல்ட் போடாமல் உட்காரவைக்கும் சுதந்திரத்தை இதே கலிஃபோர்னியா எந்த அம்மாவுக்கும் கொடுப்பதில்லை, அபராதம் போடும். பெல்ட் போட்ட அந்தப் பிள்ளையை மைதானத்தில் கொண்டுபோய் இறக்கி, இன்னொரு பிள்ளையின் தலையோடு முட்டவிட மட்டும் அவள் முழுச் சுதந்திரப் பிரஜை.