அளவெடுத்த சைக்கிள்: கேள்வி-பதில்

என் உடம்புக்கு அளவெடுத்து ஒரு ரோடு சைக்கிள் வேண்டும். பீங்கான் நகரமான எங்கள் விருத்தாசலத்தில் யாரைத் தேடுவது?
(வாசகர், விருத்தாசலம்)

மண்ணில் தேடினால் எப்படி? மூங்கிலில் தேடுங்கள்! பெங்களூரின் 'பாம்பூச்சி', அளவெடுத்து மூங்கில் ஃபிரேம் கட்டும் பட்டறை. போகுமுன் உங்கள் உயரம், கால் நீளம், கை நீளம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நம்மூர்ப் பீங்கானுக்கும் சைக்கிளுக்கும் ஒட்டே இல்லையா?
(வாசகி, விருத்தாசலம்)

பீஸ் கட்டையும் பொம்மையும் செய்யும் ஊர்க்காரரா இப்படிக் கேட்பது? பந்தய சைக்கிள்களில் விலை கூடிய பால்ரஸ் குண்டே பீங்கான் வகைதான்! சிலிக்கான் நைட்ரைடு, எஃகின் எடையில் பாதிகூட வராது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதில் இறங்க வேண்டும் என்பது என் ஆசை.

நல்ல சைக்கிள் கடைக்கு என்ன அடையாளம்?
(வாசகர், பெண்ணாடம்)

பெயர்ப்பலகை அல்ல, கோட்டம் எடுக்கும் கை. சக்கரத்தைச் சுற்றவிட்டு, ரிம் சாயும் இடம் பார்த்து, எதிர்ப்பக்கப் போக்ஸ் கம்பியைக் கால் சுற்று மட்டும் முடுக்கி, மறுபடி சுற்றிப் பார்க்கிறாரா? வண்டியை நம்பி விடலாம்.

பழைய கடைக்காரருக்குக் கியர் சைக்கிள் புரியுமா?
(வாசகர், கடலூர்)

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது 1949-இல். அந்தத் தலைமுறை வண்டிகளைக் கழற்றிப் பூட்டியவருக்குப் பேரிங்கும் பிரேக்கும் தண்ணீர் பட்ட பாடு. கியரையும் பழகிக்கொள்வார். வேலை கொடுத்தால்தான் கடை இருக்கும். கடை இருந்தால்தான் அடுத்த பையன் தொழில் பழகுவான்.