மண்ணுக்குள் கிடக்கும் காசு: கேள்வி-பதில்

கேள்வி: உலோகம் காட்டும் கருவியொன்று வாங்கியிருக்கிறேன். வெம்பிளியில் ஏதேனும் அகப்படுமா?

பதில்: முதலில் அகப்படுவன பெரும்பாலும் சோடா டின்களின் வளையங்களே, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு புறப்படுங்கள். ஆயினும், 1924ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்த சாம்ராஜ்யப் பொருட்காட்சி இவ்வூரில்தான் நடைபெற்றது என்பதையும், அதில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தனித்தனி மண்டபங்கள் நின்றன என்பதையும் எண்ணிப் பார்க்குமிடத்து, அன்று யாரோ ஒருவர் சட்டைப்பையிலிருந்து நழுவிய ஞாபகப் பதக்கம் ஒன்று கிடைக்குமாயின், அதைப் பொன்னினும் மேலாக மதிப்பேன்.

கேள்வி: கவுன்சில் பூங்கா பொதுச்சொத்துத்தானே, தோண்டினால் என்ன?

பதில்: பொதுச்சொத்து என்பதனாலேயே தனியொருவர் தோண்டலாகாது. நிலத்துக்குரியவரின் அனுமதி முதலில் வேண்டும். பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னங்கள் உள்ள இடத்திலோ, 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, உத்தரவின்றி அக்கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். தேம்ஸ் கரைச் சேற்றில் வெறுங்கண்ணால் தேடுவதற்குங்கூட லண்டன் துறைமுக அதிகார சபையின் அனுமதிச்சீட்டு அவசியம்.

கேள்வி: கிடைத்த காசு எனக்குச் சொந்தமாகாதா?

பதில்: தனிக்காசு சாதாரணமாகப் புதையலாகாது, நிலச் சொந்தக்காரருடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி நடந்துகொள்ளலாம். 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிக் காசுகள் இரண்டு சேர்ந்து கிடைத்தாலோ, 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 14 நாட்களுக்குள் அறிவித்தாக வேண்டும். யாரிடம் என்றால், அகால மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரியிடம்! உயிர் பிரிந்த காரணத்தையும் காசு புதைந்த காரணத்தையும் ஒருவரே விசாரிப்பது இந்நாட்டுச் சம்பிரதாயம்.

கேள்வி: காசு காசுதானே, இத்தனை கெடுபிடி எதற்கு?

பதில்: 1992 நவம்பரில், சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்னி கிராமத்தில், ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்கக் கருவியுடன் சென்ற நண்பர், சுத்தியலுக்குப் பதிலாக ரோமானியப் பொன்னைக் கண்டார். ஆசை மேலிட்டு எல்லாவற்றையும் அள்ளி எடுத்துவிடாமல், பாதியில் நிறுத்தித் தகவல் கொடுத்தமையால், மறுநாளே வந்த தொல்லியலாளர்கள் ஏறக்குறைய 15,000 காசுகளையும், அவை பெட்டிக்குள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்ற விவரத்தையும் சேதமின்றி அறிந்தார்கள். சன்மானம் பதினேழரை லட்சம் பவுன். அதில் அந்த விவசாயிக்கும் பங்கு கிடைத்தது. பின்னர் அகப்பட்ட அச்சுத்தியலும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தின் வசம் இருக்கிறது.

நம் நாட்டிலும் 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் மீது சக்கரவர்த்தியின் தலையைக் குறுக்கே வெட்டிய தழும்பு காணப்படுகிறது. ஒரு காசில் அத்தழும்பைக் கண்டால் விபத்தென்று விட்டுவிடுவோம். நூற்றுக்கணக்கில் ஒருசேரக் கண்டதனாலன்றோ, அது யாரோ திட்டமிட்டுச் செய்த காரியம் என்று துணிய முடிந்தது! புதையலைப் பிரித்து விற்பவர் அந்தச் சாட்சியத்தை அழித்துவிடுகிறார். அதுவே என் கோபம்.

கேள்வி: அடுத்த மாதம் யாழ்ப்பாணம் போகிறேன். கருவியை எடுத்துச் செல்லட்டுமா?

பதில்: வேண்டாம். அங்கே 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, உத்தரவுப் பத்திரமின்றித் தொல்பொருள் தேடி அகழ்வது குற்றம். நந்தியும் ‘சேது’ என்னும் எழுத்தும் பொறித்த ஆரியச் சக்கரவர்த்திகளின் காசு, தோட்டம் கொத்துகையில் தானாகவே வெளிப்படுமாயின், புளி போட்டுத் தேய்க்காமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்பொருள் திணைக்களத்தாரிடம் காட்டுங்கள்.