பாட்டி சமையலுக்கு ஆங்கிலத் தாளிப்பு

சிறுவயதுச் சாப்பாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத முதலில் ஒரு பாட்டி வேண்டும். சமையலில் அவர் சுமார்தான் என்றாலும் பாதகமில்லை. பத்திரிகை ஆசிரியர் வந்து சாப்பிடப் போவதில்லை. விறகடுப்புப் புகையில் கண் எரிந்ததை எழுதக் கூடாது. அதை ‘ஸ்மோக்கி’ என்று குழம்பின் கணக்கில் வரவு வைக்க வேண்டும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தோம் என்றால் வறுமை. ‘ஃபெர்மென்டட்’, ‘புரோபயாடிக்’ என்றால் பாரம்பரியம். தீய்ந்துபோன வெங்காயம் ‘கேரமலைஸ்டு’. உப்பு குறைந்திருந்தால் ‘சட்டில்’.

மனசாட்சி உறுத்தினால் பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட்டை நினைத்துக்கொள்ளலாம். 1913இல் வெளிவந்த அவர் நாவலில் சிறுவயது நினைவுகளைக் கிளறிவிடும், தேநீரில் நனைத்த மேடலின் கேக் உலகப் புகழ் பெற்றுவிட்டது. முந்தைய கைப்பிரதியில் அது வெறும் வாட்டிய ரொட்டி!

ஆங்கிலத்துக்கும் இந்த வேலை புதிதல்ல. நம் மிளகுத்தண்ணியை வாங்கி, இறைச்சியைப் போட்டு, ‘மல்லிகடானி’ சூப்பாக்கிய மொழி அது. கஞ்சியும் ‘காஞ்ஜி’யாகி நட்சத்திர ஓட்டல்களின் காலை உணவு மேசைக்குப் போய்விட்டது. காய்ச்சல் வந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தோம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ‘கம்ஃபர்ட் ஃபுட்’ என்று போடுங்கள்.