ஐந்திணை டயர்த் தலைவன்

தார், மண், மணல், கல், சேறு எனத் தரை எதுவாயினும் ஓடுவதற்கென்று செய்யப்பட்டு, கடைவீதியில் ‘ஏ.டி.’ என்று சுருக்கமாக வழங்கும் ‘ஆல் டெரைன்’ டயருக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டுமாயின், நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாகப் பகுத்த மரபையொட்டி ‘ஐந்திணை டயர்’ என்பதே பொருந்தும். இந்த டயரை வாங்குவதென்று ஒரே இரவில் முடிவெடுத்து, எதை வாங்குவதென்று ஓராண்டாகியும் முடிவெடுக்க இயலாமல் உழலும் ஆடவர் வகை ஒன்று சென்னையின் மேற்குப் புறநகர்களில் அண்மைக்காலத்தில் தோன்றியிருக்கிறது. அகப்பொருள் மரபில் தலைவனுக்கு இயற்பெயர் சுட்டுவதில்லை என்பதால், இவ்வகையினரின் மாதிரியாக இங்கே கொள்ளப்படுபவரும் தலைவன் என்றே சுட்டப்படுகிறார். அவருடைய குடும்ப நலனுக்கும் அதுவே உகந்தது.

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப்படும். தலைவனுக்குரிய நிலம் நசரத்பேட்டை. அது பூந்தமல்லியை அடுத்து, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் இடத்தை ஒட்டியது. ஏரியும் வயலுமாக ஒருகாலத்தில் மருதமாயிருந்து, மனைப்பிரிவும் கிடங்கும் பொறியியல் கல்லூரியுமாக மாறிய வட்டாரத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூரில் உள்ள அலுவலகத்துக்கு அவர் நாள்தோறும் செல்வது, மேடுபள்ளம் அதிகமில்லாத அதே நெடுஞ்சாலையில்தான். பெரும்பொழுது கார்காலம்; சிறுபொழுது, வீட்டார் உறங்கியபின் கைபேசியில் டயர் ஒப்பீட்டுக் காணொளிகள் ஓடும் நள்ளிரவு.

கருப்பொருளுள் தலையாயது வாகனம். தமிழ்நாட்டில் பிக்கப் என்றால் நெடுங்காலம் காய்கறி மூட்டையும் கம்பிக் கட்டும் ஏற்றும் லோடு வண்டியையே குறித்தது. 2016-இல் இசுசு வி-கிராஸும் 2022-இல் டொயோட்டா ஹைலக்ஸும் இந்தியச் சந்தைக்கு வந்தபின், முன்னே ஐவர் அமரும் அறையும் பின்னே திறந்த லோடு பாடியுமாக, சொந்தப் பயன்பாட்டுக்கான பிக்கப் ஒன்று தனி அந்தஸ்தோடு வலம்வரத் தொடங்கியது. தலைவனின் லோடு பாடியில் இதுவரை ஏறியவை 20 லிட்டர் தண்ணீர்க் கேன்கள் இரண்டும், பழுது பார்க்கச் சென்ற மாமியாரின் கிரைண்டரும் மட்டுமே. அந்த வண்டியை ‘லோடு வண்டி’ என்று அழைத்த அடுக்ககக் காவலாளியோடு அவர் ஒரு மாதம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

தலைவனின் கல்வி டயரின் பக்கச் சுவரிலிருந்து தொடங்குகிறது. அங்கே ‘265/65 ஆர்17 112எஸ்’ என்று பொறித்திருப்பதை, அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 172 மில்லிமீட்டர், ‘ஆர்’ என்பது ரேடியல் கட்டமைப்பு, ரிம்மின் விட்டம் 17 அங்குலம், 112 என்னும் குறியீட்டெண் ஒரு டயர் 1,120 கிலோ சுமக்கும் என்பதற்கு, ‘எஸ்’ மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதற்கு எனப் பதவுரை சொல்லி விளக்க அவரால் முடியும். உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்கங்களை அவர் ஜாதகமாகவே கருதுகிறார். ‘2324’ என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் பிறந்த டயர் என்பதைக் கணித்து, ஓராண்டுக்கு மூத்த டயரை, வயது பொருந்தாத வரனைப்போல, மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுகிறார். மலையும் பனித்துகளும் வரைந்த முத்திரை, கடும்பனியில் சோதிக்கப்பட்டுத் தேறிய டயருக்கு உரியது. பனிமலைக்கு நம் முன்னோர் திணையே வகுக்கவில்லை என்றபோதிலும், தலைவன் தேடுவது அந்த முத்திரை உள்ள டயரைத்தான்.

கடையில் டயர்கள் மூவகைப்படும். நெடுஞ்சாலைக்குரிய எச்.டி. டயரில் பள்ளங்கள் குறுகியவை. அது ஓசையின்றி ஓடும், டீசலை மிச்சப்படுத்தும். சேற்றுக்குரிய எம்.டி. டயரில் ‘பட்டன்’ எனப்படும் ரப்பர்க் கட்டிகள் பருத்தும் இடைவெளி அகன்றும் இருப்பதால், சேற்றைக் கடித்து உதறி முன்னேறும், தாரிலோ வண்டுபோல் இரையும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது ஏ.டி.; ரேடியல் அமைப்பில் அதனை அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் 1976-இல் அறிமுகப்படுத்தியது. எல்லா நிலத்திலும் ஓடும் என்பதற்கு, எந்த நிலத்திலும் முதல் மதிப்பெண் வாங்காது என்பதும் பொருளாகும். நாளெல்லாம் தாரில் ஓடும் வண்டிக்கு எச்.டி. போதும் என்று டயர் நூலின் முதல் பாடமே சொல்லிவிடுவதால், தலைவன் அந்தப் பாடத்தை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்.

பிராண்டு தேர்வில் அவருடைய போக்கு ‘உள்ளூர் மாடு விலை போகாது’ என்னும் பழமொழிக்கு உரை எழுதியதுபோல் அமைகிறது. எம்.ஆர்.எஃப். 1946-இல் பலூன் செய்யும் சிறுதொழிலாகத் தொடங்கியது திருவொற்றியூரில்; அப்பல்லோ, ஜே.கே., சியட் ஆகிய மூன்றுக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஆலைகள் உள்ளன. அலுவலகம் செல்லும் வழியில் டயர் லாரிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டபடியே, கடல் கடந்து வரவேண்டிய டயரை அவர் நினைத்து உருகுகிறார். 2020 ஜூனில் நடுவண் அரசு டயர் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் எனக் கட்டுப்பாடு விதித்தது, அவர் வாழ்வில் தலைவியின் வீட்டார் விதித்த இற்செறிப்புக்கு, அதாவது பெண்ணை வெளியே விடாமல் வீட்டுக்குள் காக்கும் காவலுக்கு, ஒப்பானதாயிற்று.

இனி உரிப்பொருள். பிரிதல் என்பது, தேய்மானக் குறி நிற்கும் 1.6 மில்லிமீட்டர் ஆழத்தை எட்ட இன்னும் நெடுந்தூரம் இருக்கும் பழைய டயர்களை, ‘மொட்டையாகிவிட்டது’ என்று பழிசுமத்திக் கைவிடுதல். இருத்தல் என்பது, ‘அடுத்த வாரம் ஸ்டாக் வந்துடும் சார்’ என்னும் கடைக்காரர் சொல்லை நம்பிக் காத்திருத்தல். இரங்கல் என்பது, நான்கு டயரின் விலை ஒரு ஸ்கூட்டரின் விலையை நெருங்குவதறிந்து வருந்தி, ஸ்டெப்னிக்கும் ஒன்று வேண்டுமே என்று நினைவு வந்ததும் மீண்டும் வருந்துதல். ஊடல் மனைவிக்குரியது. “ஏங்க, இருக்கிற டயர்லதான வேலூர் போய்ட்டு வந்தோம்?” என்று அவர் கேட்கும் ஒரே கேள்விக்கு, ஓராண்டு ஆராய்ச்சியில் விடை இல்லை. புணர்தல் என்பது டயர் மாட்டும் நாள். அன்று பேலன்சிங், அலைன்மென்ட் முடிந்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபின், தலைவன் வண்டியை விட்டுச் சற்றுத் தொலைவில் நின்று ஒருக்களித்துப் பார்க்கிறார்.

இந்நாடகத்தில் கண்டோர் கூற்று பஞ்சர் கடைப் பெரியவருக்கு உரியது. “சார், நீங்க போறது கொல்லிமலையா, கோயம்பேடா? அத மொதல்ல சொல்லுங்க” என்று அவர் கேட்கிறார். 70 கொண்டையூசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையும் தார்ச்சாலையே என்பதை அவர் சொல்லாமல் விடுவது கருணையால். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தை பெருந்தொற்றால் மூடப்பட்டு, நசரத்பேட்டைக்கு அருகிலுள்ள திருமழிசைக்குக் காய்கறிக் கடைகள் இடம்பெயர்ந்து, மழை பெய்ததும் அந்தத் திடல் சேறானபோது, தக்காளிப் பெட்டி ஏற்றிய ‘குட்டி யானை’ வண்டிகளும் பிக்கப்புகளும் சாதாரண லோடு டயரோடுதான் உள்ளே போய் வெளியே வந்தன. இவ்வட்டாரம் கண்ட மெய்யான ஐந்திணைத் தேர்வு அதுவே. அதை எழுதியவர்கள் டயரின் பெயரைக்கூடக் கவனித்திருக்கமாட்டார்கள்.

தலைவன் கம்பீரம் கருதி ஓரளவு பெரிய டயரை மாட்டிவிட்டால் வேறொரு விந்தையும் நிகழ்கிறது. 265/65-க்குப் பதில் 265/70 என்றால் சக்கரத்தின் சுற்றளவு மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடுவதால், வேகமானி 100 காட்டும்போது வண்டி 103-இல் ஓடுகிறது. ஓடிய தொலைவும் குறைவாகவே பதிவாகிறது. டயரின் எடையால் உண்மையிலேயே குறைந்த மைலேஜ், கணக்கில் இன்னும் குறைந்து தோன்ற, அந்தக் கணக்கு நோட்டு மட்டும் வீட்டில் காணாமற்போகிறது.

பாலைக்கெனத் தனி நிலமில்லை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு அவ்வடிவம் கொள்ளும் என்பர். கார்கால மழையில், வடிகாலுக்கென்று தோண்டி அரைகுறையாக மூடிய நசரத்பேட்டைத் தெருவில், பழைய மருதமும் அவ்வாறே இயல்பு கெட்டு உழவுக்காலச் சேறாகத் திரும்பி வருகிறது. அப்போதுதான் தலைவனின் டயர், வாங்கிய நாள்முதல் காத்திருந்த நிலத்தை, அவர் வீட்டு வாயிலுக்கு முப்பதடி தொலைவில் சந்திக்கிறது. மறுநாள் காலை வண்டியை நுரைபொங்கக் கழுவும் அவர், டயரின் பக்கச் சுவரில் காய்ந்த சேற்றை மட்டும் திருநீறுபோல் அழியாமல் காக்கிறார். அலுவலக வாகன நிறுத்தத்தில் எவரேனும் அதைப் பார்த்துவிட்டு விசாரித்தால், “கொஞ்சம் உள்ளே போயிருந்தோம்” என்கிறார். அது பொய்யன்று, வெளிவட்டச் சாலையிலிருந்து அவருடைய தெரு கொஞ்சம் உள்ளேதான் இருக்கிறது.