ரங்கூன்காரனும் தேரடி டீக்கணக்கும்

ஸ்கார்பரோ, கனடா
தை மாசம், முதல் ஞாயிறு

அன்புள்ள மச்சானுக்கு,

இங்க நான் நலம். மூக்கு மட்டும் இருக்கா இல்லையான்னு அப்பப்ப தொட்டுப் பாத்துக்கிறேன். வெளிய மைனஸ் 22. காத்தையும் சேத்தா மைனஸ் 32ன்னு ரேடியோவுல சொல்றான். போன்ல அம்மாகிட்ட சொன்னேன். "மைனஸ்னா இன்னாடா, கடன் மாதிரியா?"ன்னு கேட்டுச்சு. கிட்டத்தட்ட அதேதாம்மா, 22 டிகிரி பாக்கி வெச்சிருக்கோம், ஜூன் மாசந்தான் அடையும்னேன். "வட்டி?"ன்னுச்சு. அந்தக் காத்துதான் வட்டி. பத்துலருந்து ஒரு பைசா குறைக்க மாட்டேங்குது.

நீ என்னடான்னா, 21 டிகிரி குளிருக்கு குரங்குக் குல்லா வாங்கினதை அரைப் பக்கம் எழுதியிருக்க. படிச்சிட்டு அழுதேன். கண்ணீர் கன்னத்துல பாதி தூரம்தான் வந்துச்சு.

சரி, இந்த மாசக் கணக்குக்கு வரேன். ராயபுரத்துல ஒரே லேத் பட்டறையில திட்டு வாங்கித் தொழில் கத்துக்கிட்ட நாம நாலு பேரும், நான் ஃப்ளைட் ஏறுன அன்னிக்கு திருவொற்றியூர் தேரடி டீக்கடையில போட்ட ஒப்பந்தம் ஞாபகம் இருக்குல்ல? மாசத்துக்கு ஒரு கடுதாசி. அதுல ஒரு வானிலை, ஒரு மிருகம். எவனுது சொத்தையோ அவன் நாலு டீ. வாட்ஸ்அப்ல அடிச்சிட்டு அப்புறம் அழிச்சிடுறீங்க, கையால எழுதி அனுப்புனாத்தான் செல்லும்னு சட்டம் போட்டவன் நீ. ஊரை விட்டு நகராத ஒரே ஆளு நீதான்னு நீதிபதி வேலையும் உனக்கே குடுத்தோம். அதுதான் நாம செஞ்ச முதல் தப்பு.

என் மிருகம் ரக்கூன்.

போன தடவை போன்ல இந்தப் பேரைச் சொன்னதுக்கு உங்க ஆயா பின்னாலருந்து, "ரங்கூனா? எந்தத் தெருவாம்?"னு குரல் குடுத்துச்சே! பர்மாவுலருந்து கப்பல்ல வந்து இறங்குனது, அதுக்கு ஊர்க்காரன் வந்துட்டான்னு சந்தோஷம். "ராத்திரில வந்து குப்பைத்தொட்டியத் தொறந்து தின்னுட்டுப் போறான் ஆயா"ன்னு சொன்னதும், "பாவம், ஒரு தட்டு அத்தோ போட்டுக் குடேன்"னு சொல்லிடுச்சு. அன்னிலருந்து எங்க வீட்ல அதுக்குப் பேரு ரங்கூன்காரன்.

ஆளு எப்படின்னா, நம்ம ஓட்டு வீட்டு மேல ஓடுற மரநாய் இருக்குல்ல, அதுக்கு நல்லா சோறு போட்டு, கண்ணைச் சுத்தி கறுப்பா ஒரு திருடன் முகமூடி மாட்டி, வாலுல வளையம் வளையமா பெயின்ட் அடிச்ச மாதிரி. கை மட்டும் மனுசன் கை. அஞ்சு விரல். எதையும் தடவிப் பாத்தே தெரிஞ்சுக்கும். பூட்டு, கொண்டி, மூடி எதைப் பாத்தாலும் நம்ம பழைய மேஸ்திரி ஒரு ஜாப்பைத் திருப்பித் திருப்பிப் பாப்பாரே, அதே தினுசு. குளிர்காலத்துல கொழுப்பு ஏத்திக்கிட்டு பொந்துல படுத்துடும். கரடி மாதிரி ஒரேயடியா தூங்காது. ஒரு நாள் சூடு கொஞ்சம் ஏறுனா எழுந்து நாஸ்டாவுக்கு வந்துடும்.

இதுங்க தொல்லை தாங்காம டொரொன்டோ மாநகராட்சி 2016ல 3 கோடியே 10 லட்சம் டாலர் செலவு பண்ணி, திருகுற கொண்டி வெச்ச பச்சைத் தொட்டி வீடு வீடா குடுத்துச்சு. மிச்ச சோறு, காய்கறித் தோல், எலும்பு எல்லாம் அதுலதான் போடணும். தொட்டி மேல குத்தமே இல்ல மச்சான், குத்தம் எம்மேல. பொங்கலுக்கு மொத நாள் சாயந்தரம் வெளிய 3 டிகிரி. இங்க அது கோடைக்காலம். அந்தச் சந்தோஷத்துல, நீ அனுப்புன நெத்திலிக் கருவாட்டைக் குழம்பு வெச்சுத் தின்னுட்டு, தலையையும் செதிலையும் தொட்டியில கொட்டினேன். கையில பெரிய உறை. கொண்டியைப் பாதி திருப்பிட்டு, முழுசாத் திருப்புனதா நெனச்சு உள்ள வந்துட்டேன்.

ராத்திரி ரெண்டு மணிக்கு சத்தம். ஜன்னல் வழியாப் பாத்தா, தொட்டி படுத்துக் கிடக்குது. ரங்கூன்காரன் குந்திக்கிட்டு, ஒவ்வொரு நெத்திலித் தலையா எடுத்து, உருட்டிப் பாத்து, தேங்கியிருந்த பனித்தண்ணியில அலசி அலசித் தின்றான். காசிமேட்டுல ஏலம் எடுக்க வர்ற அக்காங்க கூட மீனை அவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்க. கதவைத் தட்டினேன். திரும்பிப் பாத்தான். "போய்ப் படு, நான் பாத்துக்கிறேன்"ங்கிற மாதிரி பாத்துட்டு வேலையைத் தொடர்ந்தான்.

இந்த ஊருக்காரங்க இதைத் திட்டுவாங்க, ஆனா விட்டுக் குடுக்க மாட்டாங்க. 2015 ஜூலையில, நான் வர்றதுக்கு முன்னாடி, யங் தெருவுல ஒரு ரக்கூன் நடைபாதையில செத்துக் கிடந்துச்சாம். காலையில தகவல் சொல்லியும் எடுத்துட்டுப் போக ராத்திரி ஆயிடுச்சு. அதுக்குள்ள போறவங்க வர்றவங்க ஒரு ரோசாப்பூ, ஒரு அனுதாப அட்டை, மெழுகுவத்தி, ஃப்ரேம் போட்ட படம்னு வெச்சு, கான்ராட்னு பேரும் வெச்சுட்டாங்க. எனக்கு ஒரே குறைதான். ராயபுரமா இருந்தா ரெண்டாவது மணி நேரமே டேப் அடிச்சு மரண கானா கட்டியிருப்போம்.

இப்ப மத்தவங்க கணக்கு. சிங்கப்பூர்க்காரன் ரெண்டு வருசமா நீர்நாயை விட்டா வேற பேச மாட்டேங்கிறான். குடும்பத்தோட வரிசையா ரோடு கிராஸ் பண்ணுதாம், கார் எல்லாம் நின்னு வழி விடுதாம். அடுக்குமாடி வீட்டுக் குளத்துல பூந்து, ஆயிரக்கணக்கான வெள்ளி விலையுள்ள கோய் மீனைத் தின்னுட்டுப் போயிடுதாம். "குழம்பு வெக்காம பச்சையாவா?"ன்னு நீ தீர்ப்புல கேட்டது அவனுக்கு இன்னும் வருத்தம்.

துபாய்க்காரன் கதை வேற. 2024 ஏப்ரல் 16. 1949லருந்து அங்க கணக்கு எழுதுறாங்களாம், அதுல அந்த மாதிரி மழை கிடையாது. அல் ஐன் பக்கம் ஒரு நாளைக்குள்ள 254 மில்லிமீட்டர். ராத்திரி பயந்து போயி உனக்குத்தான் போன் பண்ணியிருக்கான். நீ அசராம, ஃப்ரிஜ்ஜைக் கட்டில் மேல ஏத்து, மெயினை ஆஃப் பண்ணு, பாம்பு வரும் டார்ச் வெச்சுக்கன்னு வகுப்பு எடுத்திருக்க. "பாம்பு இல்லடா, ஜாகுவார் மெதந்து போகுது"ன்னு அவன் கத்த, மறு மாசம் அதையே மிருகக் கணக்குல எழுதி அனுப்பிட்டான். அது காரு, செல்லாதுன்னு நீ தள்ளுபடி பண்ணது சரிதான். ஆனா மெதந்துச்சுங்கிறதுக்கு அரை மார்க்காவது போட்டிருக்கலாம்.

எனக்கு இங்க உள்ள பெரிய ஏமாத்தம் அந்த ஏரிதான் மச்சான். ஒன்டாரியோ ஏரி. அக்கரை தெரியாது, அலை அடிக்குது, கப்பல் போகுது. கரையில போய் நின்னா, ஆகா நம்ம கடல்னு மூச்சை இழுக்கிறேன். கவுச்சியே இல்ல. உப்பும் இல்ல. உப்பெல்லாம் ரோட்டுல கிடக்குது. பனி இறுகாம இருக்க லாரி லாரியாக் கொட்டுறாங்க. அத்திப்பட்டுப் பக்கம் நாம வெயில்ல காய வெச்சு வாருவோம்ல, இவங்க கோடரிச்சுன்னு ஒரு ஊர்ல, இன்னொரு ஏரிக்கு அடியில 1,800 அடி ஆழத்துல குடைஞ்சு எடுக்கிறாங்க. விளைவு ஒண்ணுதான். உன் வண்டி சைலன்சர் எண்ணூர் காத்துல துருப்பிடிச்சு உதிர்ந்த அதே இடத்துல என் காருக்கும் ஓட்டை. அன்னிக்குக் கொஞ்சம் ஊர் வாசனை வந்த மாதிரி இருந்துச்சு.

பொங்கலை மாடி வீட்டு பருத்தித்துறை அக்காதான் வெச்சாங்க, கரண்டு அடுப்புல. பால்கனியில வெச்சா பொங்குமான்னு கேட்டேன். "பொங்காது தம்பி, ஐஸ்கிரீம் ஆகும்"னாங்க. அப்புறம், "கச்சான் சாப்பிடுறீங்களோ?"ன்னாங்க. உங்கப்பா கச்சான் அடிக்குதுன்னு சொல்லிட்டு கட்டுமரத்தை இறக்காம கரையில குந்திக்குவாரே, எனக்கு அந்த ஞாபகம். "காத்தை எப்படிக்கா சாப்பிடுறது?"ன்னேன். வேர்க்கடலையைக் கையில கொட்டினாங்க. அவங்க ஊர்லயும் அந்தக் காத்துக்குப் பேரு கச்சான்தானாம், கடலைக்கும் அதேதானாம். அவங்கப்பாவும் கடல்தான். ரெண்டு பேரும் ஜன்னல் வழியா பனியைப் பாத்துக்கிட்டே, இது எந்தக் காத்து, வாடையா கொண்டலான்னு அரை மணி நேரம் சண்டை போட்டோம்.

ஒண்ணு கேக்கணும். கணக்கு நோட்டுல 2023 டிசம்பருக்கு நேரா நீ ஒண்ணுமே எழுதல. புயல் தண்ணியோட எண்ணெய் வந்து நம்ம எண்ணூர் முகத்துவாரத்துல படிஞ்ச மாசம். கூழைக்கடா படம் ஒண்ணு அனுப்பியிருந்த. வெள்ளைப் பறவை, கொல்லன் பட்டறைத் துணி மாதிரி நின்னுச்சு. நீங்க பக்கெட்டாலயும் முறத்தாலயும் எண்ணெய் அள்ளுனதையும் அனுப்பியிருந்த. அன்னிக்கு சிங்கப்பூர்க்காரன் நீர்நாயைப் பத்தி எழுதி வெச்சிருந்ததை அனுப்பவே இல்லன்னு இப்பதான் சொன்னான். நானும் ஏதோ அணிலைப் பத்தி எழுதிக் கிழிச்சேன். அந்த மாசம் டீ யார் தலையில?

போன கடுதாசியில கடைசி வரியில, "பூநாரை வந்திருக்கு"ன்னு மட்டும் எழுதிட்டு விட்டுட்ட. எத்தனை? அனல்மின் நிலையப் புகைபோக்கிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? நிறம் ஏறியிருக்கா? குரங்குக் குல்லாவுக்கு அரைப் பக்கம், பூநாரைக்கு ஒரு வரியா? எண்ணிட்டு எழுது.

டீக்கணக்கு என் புத்தகத்துல நான் 124 டீ பாக்கி. நாம ஆரம்பிச்சப்ப டீ 10 ரூபா, இப்ப 15ன்னு சொல்ற. பழைய விலைக்குத்தான் தருவேன். அன்னிக்குத் தோத்தது அன்னிக்கு விலை. கடைக்காரர்கிட்ட பேசி வை, நாலு பேரும் ஒரே நாள்ல வந்து நின்னா பால் பத்தாது.

அம்மாவைப் பாத்தா வட்டி ரெண்டு டிகிரி குறைஞ்சிருக்குன்னு சொல்லு.

இப்படிக்கு,
உன் மச்சான்

பி.கு.: ஆயாகிட்ட சொல்லு, ரங்கூன்காரன் நேத்தும் வந்தான். இந்தத் தடவை கொண்டியை முழுசாத் திருப்பியிருந்தேன். தொட்டியைச் சுத்தி ரெண்டு தடவை வந்தான், மோந்து பாத்தான், கருவாடு இல்லன்னு தெரிஞ்சதும் வாசப்படியில கொஞ்ச நேரம் குந்தியிருந்துட்டுப் போயிட்டான். அடுத்த பார்சல்ல நெத்திலி கொஞ்சம் கூடவே போடு.