பில்லேந்திய பெருந்தகை

மோட்டார் சைக்கிள் திருத்துவோர் குலத்தின் மகுடமணியும், ஸ்பனர் பிடித்த கையாலேயே பேனையையும் பிடித்து இரண்டிலும் வாகை சூடியவரும், அட்டாளைச்சேனை மண் செய்த பெருந்தவத்தின் பலனாக எமக்கு வாய்த்தவருமாகிய எங்கள் பாஸ் அவர்களின் கீர்த்தியைப் பாடப் புகுகின்றேன். அன்னாரின் திருப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் விளம்பரத்தை வெறுப்பவர். தாம் கொடுக்கும் பில்லில்கூடத் தம் பெயரையோ கராஜின் பெயரையோ தொலைபேசி இலக்கத்தையோ திகதியையோ அவர் ஒருநாளும் பொறித்ததில்லை. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாஸ் அவர்களின் வலக்கை வாங்குவது எந்தக் கணக்குப் புத்தகத்துக்கும் தெரியாது.

அந்தப் பில்லைக் கண்ணாரக் காண வேண்டும். புது பிளக் வந்த சின்னப் பெட்டியைப் பிரித்து, விலை ஒட்டியிருந்த பக்கத்தை மட்டும் பக்குவமாகக் கிழித்து நீக்கி, மிச்ச அட்டையின் உட்புற வெள்ளையில், ஒயில் பெருவிரலின் ரேகையையே அரச முத்திரையாக இட்டு, “சாமான் வேலை எல்லாம் 18,500” என்று எழுதித் தந்தார். வள்ளுவருக்கே ஒரு கருத்தைச் சொல்ல ஏழு சீர் தேவைப்பட்டது. பாஸ் அவர்களோ மூன்று சொல்லிலும் ஓர் எண்ணிலும் என் இஞ்சினின் முழு வரலாற்றையும் அடக்கிவிட்டார். இதில் எது சாமான், எது வேலை, எதற்கு எவ்வளவு என்று பிரித்தறிய முயல்வோர், கடலில் கலந்த பிறகு களியோடைத் தண்ணீரைத் தனியே அள்ளப்போகும் பேதைகள்.

அந்தப் பேதைகளில் நானும் ஒருவன். “என்னென்ன சாமான் போட்டீங்க பாஸ்?” என்று கேட்டுவிட்டேன். வேறொருவராக இருந்தால் முகம் கோணியிருப்பார். அன்னாரோ கையைத் துணியில் துடைத்தபடி, என் தலைக்கு மேலே தூரத்தில் எதையோ பார்த்து, ஒவ்வொன்றாகச் சொல்லி விரல் மடக்கினார். றிங் செட், காஸ்கட் செட், கிளச் பிளேட், டைமிங் செயின், ஒயில் சீல், பிளக் இரண்டு, ஒயில் போத்தல் இரண்டு, பிறகு சில்லறைச் சாமான், அதற்கும் பிறகு “மத்த மத்த செலவு”. கூட்டினால் 19,200. திடுக்கிட்டு நிமிர்ந்த என்னைக் கருணையோடு நோக்கி, “நீங்க நம்மட ஆள்தானே சேர், 700ஐ விட்டுட்டன்” என்றார். விபரம் கேட்ட ஒரே காரணத்துக்காக 700 ரூபா இலாபமடைந்தவர்கள் இந்தக் கரையோரத்தில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்!

பிளக் இரண்டு என்பதில் சற்றுத் தங்குவோம். என்னுடையது சீ.ரி. 100. ஒற்றைச் சிலிண்டர், அதற்கு ஒற்றைப் பிளக். பஜாஜ் கம்பனி தன் பல்சர் வண்டிகளுக்கு ஒரே சிலிண்டரில் இரண்டு பிளக் வைத்து அழகு பார்த்தது. வாத்தியார்மாரும் வயற்காரர்களும் ஏறுகிற சீ.ரி.க்கு அந்த யோகத்தை மறுத்துவிட்டது. தொழிற்சாலை செய்த அந்த ஓரவஞ்சனையைப் பாஸ் அவர்கள் தம் நாவாலேயே நிவர்த்தி செய்தார். ஓட்டத்தில் இல்லாவிட்டாலும் கணக்கில் என் வண்டி பல்சர் ஆயிற்று. இரண்டாவது பிளக் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று நான் குனிந்து தேடவில்லை. கண்ணால் கண்டால்தான் நம்புவேன் என்பது சின்னப் புத்தி. ஒயிலும் அப்படியே. அந்த இஞ்சினுக்குள் ஒரு லீற்றரை ஒட்டித்தான் ஒயில் பிடிக்கும். மிதமிஞ்சி ஊற்றினால் சீல் கசியும். ஆகையால் சொல்லில் இரண்டு போத்தல், ஊற்றியது ஒன்று. இஞ்சினுக்கும் கேடில்லை, பில்லும் மெலியவில்லை. இத்தகைய நடுநிலையை எந்தப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார்கள்?

2022 ஜூலையில் கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று அரசாங்கம் அளந்து கொடுத்த நாட்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பஞ்ச காலத்திலும் பாஸ் அவர்களின் தொழில் தர்மம் தளரவில்லை. என் டாங்கியிலிருந்து இறக்கிய பெற்றோலிலேயே என் கபரேட்டரைக் கழுவி, ‘பெற்றோல்’ என்று ஒரு தொகையையும் தவறாமல் சேர்த்துக்கொண்டார். என் பொருளை எனக்கே விற்று, அதற்கு என்னிடம் நன்றியும் பெற்றுக்கொள்ள ஒரு தனிக் கம்பீரம் வேண்டும்.

இத்தனை மடக்கிய விரல்களிலும் ‘கூலி’ என்று ஒரு விரல் இல்லாததைக் கவனித்தீர்களா? கேட்டுப் பார்த்தேன். “அதெல்லாம் உங்களிட்ட எடுக்கிறல்ல சேர்.” இதில்தான் அன்னாரின் உளவியல் ஞானம் மிளிர்கிறது. சாமானுக்கு எவ்வளவும் கொடுப்போம்; கைவேலைக்குக் காசு என்றால் நமக்கு உயிர் போகும். இரண்டு ஆணி முறுக்கியதற்கு இவ்வளவா என்று கேட்கிற பரம்பரை நாம். அரை நாள் வெயிலில் குந்தியிருந்து, சத்தத்தைக் காதால் கேட்டே வால்வின் இடைவெளியைச் சொல்லிவிடுகிற திறமைக்கு உரிய விலையை நேராகக் கேட்டால் நாம் கொடுக்கமாட்டோம் என்பதைப் பாஸ் அவர்கள் அறிவார். ஆகவே நம் மனம் நோகாதபடி அந்தக் கூலியை றிங்கில் கொஞ்சம், காஸ்கட்டில் கொஞ்சம், இல்லாத பிளக்கில் மீதி என்று ஒளித்து வைத்தார். ஒளித்தது வளர்ந்து கூலியைப் போல மும்மடங்கு ஆனதென்றால், அது நம் கஞ்சத்தனத்துக்கு அவர் செலுத்திய மரியாதையின் வட்டி.

பொருளாதாரத்தில் அவருக்கு நிகர் அவரே. 2022 மார்ச்சில் ரூபாவை அவிழ்த்துவிட்டபோது 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அன்றைக்கே பாஸ் அவர்கள் “டொலர் ஏறிட்டு சேர்” என்று அறிவித்து, தம்மிடம் முந்தைய வருடமே வாங்கி அடுக்கியிருந்த கிளச் பிளேட்டுகளையும் உடனுக்குடன் ஏற்றினார். அடுத்த வருடத்தின் நடுவில் டொலர் 300ஐ நெருங்கி இறங்கியது. அந்தச் செய்தி மத்திய வங்கிக்குத் தெரிந்தது, பத்திரிகைகளுக்குத் தெரிந்தது. எங்கள் கராஜின் தகரத்துக்குள் மட்டும் நுழைய வழி கிடைக்கவில்லை. அவருடைய டொலருக்கு ஏறும் படி உண்டு, இறங்கும் படி இல்லை. டொலர் கைகொடுக்காத நாட்களில் கடல் கைகொடுக்கும். “கடல் காத்துதானே சேர், எல்லாத்தையும் தின்டுரும்.” உப்புக் காற்று மட்கார்டைத் தின்பதை நானும் கண்டிருக்கிறேன். ஒயிலில் மூழ்கி, நான்கு புறமும் மூடி, காற்றே புகாத இஞ்சின் வயிற்றுக்குள் கிடக்கும் டைமிங் செயினையும் அது தேடிப் போய்த் தின்னும் என்பது பாஸ் அவர்கள் கண்டு சொன்ன அறிவியல்.

காலமும் அவருக்குக் குடை பிடித்தது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசாங்கம் 2025இல்தான் கதவைத் திறந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் புது வண்டி என்பது கனவு. பழையது ஓடினால்தான் பிள்ளை பள்ளிக்கும் வாப்பா வயலுக்கும் போகலாம். போக்கிடம் இல்லாத மக்கள் தம் வாசலில் வந்து நின்றபோது அவர்களின் நிலையை அவர் உணர்ந்துகொண்ட வேகம் மெய்சிலிர்க்க வைப்பது.

அவருடைய சமூக நீதியைப் பற்றித் தனி நூலே எழுதலாம். ஒரே கிளச் பிளேட்டுக்கு ஒரே விலை என்பது காட்டுமிராண்டிச் சமத்துவம். கட்டாரிலிருந்து லீவில் வந்த பொடியனுக்கு ஒரு விலை. சம்பளத் திகதிக்குப் பிறகு வரும் வாத்தியாருக்கு ஒரு விலை. அறுவடை முடியத் தாறன் என்று தலை சொறியும் வயற்காரனுக்கு, காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்து வேறொரு விலை. பொலிசாருக்கு விலையே இல்லை. வருமானத்துக்கேற்ற வரி என்று இறைவரித் திணைக்களம் படிவம் படிவமாக அடித்தும் சாதிக்க முடியாததை, அவர் வண்டியை விட்டு இறங்குபவரின் செருப்பைப் பார்த்தே சாதிக்கிறார்.

பில் நியாயமா என்று மார்க்க ரீதியாகக் கேட்போரும் ஊரில் உண்டு. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்துக் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது என்று, 83ஆவது சூராவான அல்முதஃப்பிபீனை நினைவூட்டினார் ஒரு நண்பர். அவரைத் தனியே அழைத்துத் திருத்தினேன். அந்தக் கண்டனம் தராசு வைத்திருப்போருக்கு. எங்கள் பாஸிடம் தராசே கிடையாது. அளந்தால்தானே குறைக்கலாம்?

கழற்றிய பழைய சாமான்களை அவர் தரமாட்டார். கேட்பதே அநாகரிகம். கீழக்கரைச் சீதக்காதி வள்ளல் செத்தும் கொடுத்தார் என்று தமிழ் பேசுவோர் எல்லோரும் பெருமைப்படுகிறோமே, அந்தக் கொடை என் கிளச் பிளேட்டுக்கும் வாய்த்தது. தேய்ந்தது என்று என் இஞ்சினிலிருந்து விடைபெற்ற அது, மண்ணெண்ணெயில் குளித்து, ‘ஜெனுயின்’ என்ற பட்டத்தோடு பாலமுனையிலோ ஒலுவிலிலோ இன்னொருவரின் இஞ்சினில் இன்று சேவையாற்றிக்கொண்டிருக்கக்கூடும். மறுபிறவியில் நமக்கு நம்பிக்கை இல்லை. சாமான்களின் விடயத்தில் பாஸ் அவர்கள் விதிவிலக்கு அளித்திருக்கிறார்.

திருத்தி வந்த வண்டி வெகு சீக்கிரமே அவரிடம் திரும்பிவிடும். பிரிவைத் தாங்க முடியாத பாசம். கொம்பனித் தெருவில் கண்ணாடிக்குள் மினுங்கி நிற்கும் வண்டிகளைத் தொண்டைமானின் படைக்கலங்கள் என்பேன்: நெய் பூசி, மாலை சூடி, காவலோடு சும்மா நிற்பவை. என் சீ.ரி. அதியமானின் வேல், எப்போதும் கொல்லன் பட்டறையிலேதான் கிடக்கும். ஔவையார் இருந்திருந்தால் இந்தப் பெருமையையும் தூது போய்ச் சொல்லியிருப்பார்.

இதன் அருமை பிற நாட்டாருக்குப் புரிவதில்லை. மூவாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி, படகு கட்டுபவன் சரியாகக் கட்டாமல் அதே ஆண்டில் படகு பழுதானால் அவனே தன் செலவில் பிரித்துக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தான். கலையுணர்வு இல்லாத மன்னன். கலிபோர்னியாவில் வேலைக்கு முன்பே எழுத்தில் மதிப்பீடு கொடுக்க வேண்டும், கேட்டால் பழைய சாமானைத் திருப்பித் தர வேண்டும் என்று அரை நூற்றாண்டாகச் சட்டம் இருக்கிறது. “எவ்வளவு வரும் பாஸ்?” என்று நாம் கேட்டால், “அத பிறகு பாப்பம் சேர், நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க” என்கிற அந்தத் தேன் மொழி அங்கே சட்டவிரோதமாம். பாவப்பட்ட சனங்கள்.

உள்ளூரிலும் இந்தக் குலத்தின் மானத்தை வாங்குவதற்கென்றே ஒரு மனிதர் இருக்கிறார். கார்பன் வைத்த பில் புத்தகம். சாமான் ஒரு பக்கம், கூலி மறுபக்கம், வெட்கமில்லாமல் எழுதுகிறார். கழற்றியதைப் பொலித்தீன் பையில் போட்டு ஹாண்டிலில் தொங்கவிடுகிறார். “இந்தச் செயின் இன்னும் ஓடும், இப்ப மாத்தத் தேவல்ல” என்று வீடு தேடி வந்த வருமானத்தைத் தாமே விரட்டுகிறார். சாமானின் விலையை அக்கரைப்பற்றுக் கடையொன்றில் போன் எடுத்து விசாரித்தால் அதே தொகை வருகிறது. வாடிக்கையாளருக்கு ஒரு வியப்பாவது மிஞ்ச வேண்டாமா? அவருடைய கூலியைப் பார்த்துவிட்டு, இது என்ன இவ்வளவு என்று முகம் சுளித்து, எங்கள் பாஸிடம் திரும்பி வந்தவர்கள் பலர். நல்லோரை ஊர் கைவிடாது.

ஆகவே அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில் வாழ் மோட்டார் சைக்கிள் சொந்தக்காரப் பெருமக்களே, உங்கள் பாதம் பணிந்து வேண்டுகிறேன். வேலை தொடங்குமுன் விலை கேட்டு அன்னாரைச் சங்கடப்படுத்தாதீர்கள். சாமானின் பெட்டியைப் பார்க்க ஆசைப்படாதீர்கள். பெயரும் திகதியும் போட்டுப் பற்றுச்சீட்டு தாருங்கள் என்று வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். கேட்டுவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அவருடைய கையைக் கட்டிவிடும். வேலையைக் கவனமாகவும் திறமையாகவும் செய்து தரும் பொறுப்பும் அவருடையதே என்று அதே சட்டம் அவர் தலையில் சுமத்துகிறது. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட்டால் விசாரணைக்கும் எடுப்பார்கள். முறைப்பாட்டுக்குத் தொலைபேசி இலக்கம் 1977. தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள்.