வீட்டுக் கருப்பட்டி, கடைக் கருப்பட்டி

வா மருமவனே, திண்ணையில ஏறி உக்காரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்துல பைபிளு, கையில ஓலைப்பெட்டி. பாத்ததுமே தெரிஞ்சு போச்சு, சேகர கமிட்டி எலெக்சன் வந்துட்டுன்னு. மழைக்கு முந்தி தட்டான் தாழப் பறக்கும், எலெக்சனுக்கு முந்தி மருமவன் பறப்பான். இருக்கட்டும். உங்க அத்தை காப்பிக்குத் தண்ணி வச்சிருக்கா.

பெட்டியில என்ன, கருப்பட்டியா? சத்தமாச் சொல்லுல, எனக்குக் காது கொஞ்சம் மந்தம். "மாமா, இது கடைக்குள்ளது இல்ல, நம்ம வீட்டுக்குன்னு தனியாக் காய்ச்சுனது, நயம் சரக்கு." கேட்டுட்டு. நல்லாவே கேட்டுட்டு.

மாமன் மேல உள்ள பாசத்துல சொல்லிட்ட, சந்தோசம். ஆனா ஒரு சின்ன சந்தேகம். உன் கடை போர்டுல எபிரேய பாசையில ஆண்டவர் பேரு போட்டிருக்கியே, ஐயரே அகராதியப் புரட்டித்தான அர்த்தம் சொன்னாவ, அந்தப் பேருக்குக் கீழ விக்குதது எந்தச் சரக்கு? பதில் சொல்லாண்டாம். நீ முழிக்க முழியே போதும்.

நான் நாப்பது வருசம் பனை ஏறுனவன். பதனியும் கள்ளும் ஒரே பாளையில இருந்துதான் சொட்டுது. கீழ நின்னு பாத்தா எல்லாக் கலயமும் ஒண்ணுதான். கட்டுததுக்கு முந்தி உள்ள சுண்ணாம்பு தடவுனானா இல்லையான்னு, ஏறுனவனுக்கும் கலயத்துக்குந்தான் தெரியும். வெளிய சிலுவை வரைஞ்சு தொங்க விட்டா புளிக்காம இருந்துருமாக்கும்?

என்னைய ரொம்ப யோக்கியன்னு நெனைச்சுராத. அந்தக் காலத்துல எனக்கும் ஒத்தைப் பனையில ஒரு கலயம் சுண்ணாம்பு படாமத் தொங்குனதுண்டு. ஞாயித்துக்கெழமை கோயில்ல முன்வரிசை, சனிக்கெழமை ராத்திரி அந்த மரத்தடி. ஒரு நாள் உபதேசியார் அந்தப் பக்கமா வந்தாவ. மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "என்னப்பா, இந்த மரத்துல மட்டும் வாசம் ஒரு மாதிரி வருதே"ன்னாவ. "காத்து கெழக்க இருந்து வீசுதுய்யா"ன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லலை. சிரிச்சுட்டுப் போயிட்டாவ. திட்டிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன். அந்தச் சிரிப்பு இருக்கே, ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து பக்கத்துல படுத்துக்கிடும். மறுவாரம் அந்தக் கலயத்துக்கும் சேத்துச் சுண்ணாம்பு நனைச்சேன். அதனாலதான் இப்பம் நானும் உன்னையத் திட்டலை, பாத்துக்கோ. சிரிக்கத்தான் செய்யுதேன்.

2023ல உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கெடைச்சுதுன்னு கடை முன்னால மிட்டாய் குடுத்தியே, எனக்கும் ரெண்டு தந்த. சர்க்கார் ஊருப் பேருக்கு முத்திரை குத்திட்டு. சிரட்டைக்குள்ள ஊத்துதது பதனிப்பாகா சீனிப்பாகான்னு முத்திரை எட்டிப் பாக்குமா? ராத்திரி உன் குடோன்ல எறங்குத மூட்டை என்னன்னு கேட்டா, "மாட்டுக்குத் தவிடு மாமா"ங்க. ஏல, உன் வீட்டுல மாடே கெடையாதேல!

போன வாரம் நீதான கோயில்ல வேதபாடம் வாசிச்ச? சகேயு கதை. பைபிள்ல பேரோட மரம் ஏறுனவன் எனக்குத் தெரிஞ்சு அவன் ஒருத்தந்தான், அதனால அவன் மேல எனக்குத் தொழில் பாசம் உண்டு. அதுவும் காட்டத்தி மரம். தளைநார் இல்லாமலே ஏறிரலாம், சின்னப் பய வேலை. ஆண்டவரு அவன் ஏறுன உசரத்தைப் பாத்து மெச்சலை. எறங்கி வந்தவன் தானாக் கணக்கு நோட்டை விரிச்சான். சொத்துல பாதி ஏழைக்கு, ஏமாத்துனதுக்கு நாலு மடங்கு. அதை வாசிக்கையில உன் குரலு கொஞ்சம் தேஞ்சு போச்சு. பொறவு "இத்துடன் வேதபாடம் முடிவடைகிறது"ன்னு சொன்ன பாரு, அதுல எம்புட்டு நிம்மதி!

அறுப்பின் பண்டிகை ஏலம் எனக்கு மறக்கலை. ஒரு நாட்டுக்கோழி முட்டை, 3000 ரூவாய்க்கு எடுத்த. மைக்குல மூணு தடவை உன் பேரைச் சொன்னாவ. அந்த முட்டையை இட்ட கோழி அதுக்குப் பொறவு தரையில நடக்கலைன்னு கேள்வி. மறுநாள், உன் விடிலியில அடுப்புக்கு முன்னால வேகுத பொம்பளை ரெண்டு வாரக் கூலி கேட்டு வந்தா. "கையில இல்ல, சனிக்கெழமை பாப்போம்"ன்ன. அவளும் ஒரு முட்டையைக் கொண்டு வந்து கேட்டிருக்கணும், வெவரமில்லாதவ.

மேடைக்கு மேடை "நாங்க ஏழு தலைமுறைக் கிறிஸ்தவங்க"ங்க. ஏழா எட்டான்னு உங்க அம்மையைக் கேட்டுக்கோ, என் தங்கச்சிக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும். நம்ம பக்கத்துல முதலூரு இருக்கே, 1799ல உண்டானது. ஜனங்களுக்கு இப்பம் முதலூருன்னா மஸ்கோத் அல்வாதான் ஞாபகம் வருது. அதையும் தேங்காப்பாலுல ஒழுங்காக் கிண்டுதவன் கையில வாங்கணும், அது வேற கதை. தாவீது சுந்தரானந்தம்னு ஒருத்தரு, வேதத்துக்கு வந்ததால அடியும் மிதியும் பட்ட சனத்துக்கு ஒதுங்க எடம் வேணும்னு மண்ணு வாங்கிக் குடிவச்ச ஊரு. தாவீதையும் ஏத்துக்கிட்டாரு, சுந்தரானந்தத்தையும் விடலை, பேருல மனுசனுக்குக் கொழப்பமே இல்ல. அவங்க காலத்துல கிறிஸ்தவன்னு சொன்னா முதுகுல அடி விழுந்துது. நீ சொன்னா பெட்டியில ஓட்டு விழுது.

ஓட்டுன்னதும் ஞாபகம் வருது. எந்தத் தெருவுல எந்த வகையறாவுக்கு எத்தனை தலைன்னு சாதி வாரியா நோட்டுப் போட்டு வச்சிருக்கியாமே? சாதியைக் கோயிலுக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னு கல்கத்தா பிஷப்பு டேனியல் வில்சன் 1833லயே கடிதம் எழுதிட்டாரு. தபால்காரன் நம்ம தேரி மணல்ல சிக்கிக்கிட்டான் போல, கடிதம் இன்னும் ஊருக்கு வந்து சேரலை. நீ கைக்கொழந்தையா இருக்கையில ஞானஸ்நானத்துக்குத் தூக்கிட்டுப் போனவன் நான்தான். ஐயரு ஊத்துன தண்ணி தலையில சரியா விழுந்துது. கையில ஒரு பொட்டுப் படலை. துண்டைப் போட்டு மூடி வச்சிருந்தேன், தப்பு என் பேர்லதான்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளைன்னு ஒரு முன்சீப்பு இருந்தாரு. கத்தோலிக்கரு, நம்ம சபை இல்லையேன்னு மூஞ்சியச் சுளிக்காத. 1859ல நீதிநூல்னு எழுதி, லஞ்சம் வாங்குதவனை வாங்கு வாங்குன்னு வாங்குனாரு. அந்த நாற்காலியிலயே உக்காந்துக்கிட்டு எழுதுனாரு, அதுதான் விசேசம். தாது வருசப் பஞ்சத்துல கையில உள்ளதைப் போட்டுக் கஞ்சி ஊத்துனாரு. நந்தனார் சரித்திரம் பாடுன கோபாலகிருஷ்ண பாரதி, சிவபக்தரு, இந்தக் கிறிஸ்தவரு மேல பாட்டுக் கட்டுனாரு. அவரை யாரும் காசு குடுத்துக் கூப்பிடலை. உன் நோட்டீசு என்கிட்டயும் வந்துது. "விசுவாச வீரர்"னு அடிக்கச் சொல்லியிருக்க, அச்சுல "விசவாச வீரர்"னு விழுந்துருக்கு. ஐநூறு நோட்டீசும் அப்படித்தானா? அச்சடிச்சவனைக் கோவிக்காத, பய தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டான்.

என்ன, எந்திரிச்சுட்ட? இரி, ஓட்டு விசயம் பேசலையே. போடுதேன்டே, உனக்குப் போடாம யாருக்குப் போட? ஒரே ஒரு உவகாரம். இந்தப் பெட்டியைத் திருப்பிக் கொண்டு போயி கடையில வச்சு, வாரவங்களுக்கு இதையே நிறுத்துக் குடு. கடையில கெடக்குததுல ரெண்டு வட்டு எடுத்து எனக்குக் குடுத்தனுப்பு. நான் கெழவன், எனக்கு எதுன்னாலும் செரிக்கும். சாயங்காலம் உங்க அத்தை அதைத் தட்டிப் போட்டுக் காப்பி வைப்பா. குடிச்சுட்டு ஓட்டு யாருக்குன்னு சொல்லி விடுதேன்.

ஏல, பெட்டியை விட்டுட்டுப் போறியே!